மழை பெய்தும் மண் நனையவில்லையா? கொல்லைக்கும் மந்தைவெளிக்கும் ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பண்ருட்டிக்கு மேற்கே, விருத்தாசலம் போகிற பக்கம் எங்கள் கொல்லை, அதாவது புன்செய் நிலம். மூன்று ஏக்கர் செம்மண். ஒரு பாதியில் முந்திரி, மறு பாதியில் மணிலா (நிலக்கடலை), கம்பு, உளுந்து என்று மாறி மாறி வரும். ஆடுகள் பதினெட்டு, மாடுகள் இரண்டு.

ஒரு சித்திரையில் இடியோடு அரை மணி நேரம் மழை கொட்டியது. ஓடையில் செந்நீர் புரண்டு ஓடியது. மழை விட்டதும் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தேன். மேலே இரண்டு விரல்கடை சேறு, அதற்குக் கீழே புழுதி. ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீரும் வரப்பைத் தாண்டிப் போய்விட்டது. அதே வாரம் மோட்டார் போட்டுப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு, நிலத்தில் கோளாறு தெரிந்தால் உடனே கடைக்கு ஓடுவதை விட்டுவிட்டேன். ஒரே அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணம் இருக்கிறது. காரணம் மாறினால் வைத்தியமும் மாறுகிறது, சில நேரம் ஒன்றுக்கொன்று எதிராகவே போகிறது. இன்னொன்றும் கண்டேன். பெரும்பாலான இடங்களில் நிலம் தானாகவே தேறப் பார்க்கிறது, ஏதோ ஒன்று அதைத் தேற விடாமல் தடுக்கிறது. அது மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டராக இருக்கலாம், நெருப்பாக இருக்கலாம், நேரம் தவறி வந்த ஆட்டின் வாயாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வழிமுறை.

ஒரு எச்சரிக்கை. வறண்ட மேய்ச்சல் நிலங்களைப் பற்றிப் பார்க்கிற வீடியோக்கள் பலவும் வருஷத்துக்கு 300, 400 மி.மீ. மழை பெய்கிற ஊர்களில் எடுத்தவை. கடலூர் மாவட்டத்தில் 1,200 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் விழுந்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் காய்ச்சல். அடைமழை அரிக்கும், கோடை வறட்டும், இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். அந்த ஊர் வைத்தியத்தை அப்படியே எடுத்துவந்தால் பாதிதான் வேலை செய்யும்.

முதலில் மூன்று சோதனை

எந்த அறிகுறி என்றாலும் இவற்றை முதலில் செய்துவிடுங்கள். ஒரு காலைப் பொழுது போதும்.

கட்டிச் சோதனை. நெல்லிக்காய் அளவு மண்கட்டிகள் நான்கைந்தை எடுத்து நிழலில் நன்றாகக் காய வையுங்கள். வேலியோரம், கலப்பையே படாத இடத்திலிருந்தும் இரண்டு கட்டி எடுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி ஒரு கட்டியை மெதுவாக விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கிற உப்பு முடிவை மாற்றிவிடும். நல்ல மண் கட்டியாகவே நிற்கும். பலவீனமான மண் ஓரிரு நிமிடத்தில் பொலபொலவென்று உதிரும். உதிர்ந்தது அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்தால், மண்ணைப் பிடித்துவைக்கும் மக்குச் சத்து குறைவு என்று பொருள். மறுநாள் காலையிலும் தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கியே நின்றால் சோடியத்தைச் சந்தேகப்படுங்கள், அதாவது களர். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

டப்பா சோதனை. அடியும் மூடியும் இல்லாத பெயிண்ட் டப்பாவை இரண்டு அங்குலம் மண்ணில் இறக்கி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அது இறங்கியதும் இன்னொரு அங்குலம். இரண்டாவது அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை எப்படியும் குடித்துவிடும், இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். இதையே முந்திரி மரத்தடியில், சருகு விலக்கிய இடத்திலும் செய்யுங்கள். உங்கள் நிலத்தின் மோசமான இடத்துக்கு அளவுகோல், உங்கள் நிலத்தின் நல்ல இடம்தான்.

கம்பிச் சோதனை. நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து, விரல் பருமனுக்குச் சற்று மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். பத்து இடத்தில் அழுத்தி, நின்ற ஆழத்தைக் கம்பியில் சாக்பீஸால் குறியுங்கள்.

அறிகுறி: மழை விட்டதும் மேல்மண் ஓடு கட்டுகிறது, முளை மேலே வரவில்லை

செம்மண் கொல்லையில் இதுதான் முதல் நோய். விதைத்த மூன்றாம் நாள் ஒரு மழை, நாலாம் நாள் வெயில், மேலே அப்பளம் மாதிரி ஓடு. கம்பு முளை அடியிலேயே வளைந்து செத்துப்போகும்.

மழைத்துளி வெறும் மண்ணில் அறைகிறது. மண்கட்டி சிதறி, நுண்ணிய துகள் துளைகளை அடைத்துக்கொள்கிறது. காய்ந்ததும் ஓடு. இது நடக்க இரண்டு காரணம் சேர வேண்டும்: மேலே மூடி இல்லாமை, மண் அளவுக்கு மீறிப் பொடியாகியிருத்தல். விதைத்த கொல்லையில் ஓடு கட்டிவிட்டால், லேசாகத் தண்ணீர் தெளித்தோ முள் கிளையை மேலோட்டமாக இழுத்தோ உடைத்துவிடுங்கள். அது அன்றைக்கு மட்டும்.

அடுத்த போகத்துக்கு ரோட்டவேட்டரை நிறுத்துங்கள். மண்ணை மாவாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஒரே மழையில் ஓடாகிவிடும். கோடை உழவு வேண்டுமா, வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நான் அதை முழுசாக விடவில்லை. சரிவுக்குக் குறுக்கே, கட்டி கட்டியாக நிற்கும்படி ஒரே ஒரு சால் என்றால் முதல் மழையை அந்தக் கட்டிகள் பிடித்துவைக்கும். மூன்று சால், நாலு சால் என்று போவதும் சரிவோடு ஓட்டுவதும்தான் கெடுதல். ஏற்கெனவே மூடாக்கும் (மண்ணை மூடும் சருகு, தட்டை) புல்வேரும் இருக்கிற துண்டில் அந்த ஒரு சாலும் தேவையில்லை.

மூடாக்குக்கு எங்கள் பக்கம் பொருளுக்குப் பஞ்சமில்லை. முந்திரிச் சருகு, பலா இலை, கம்பந்தட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகை. சோகையைக் கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வேகிறது. கரி காற்றில் போய், மண் வெறுமையாக நிற்கிறது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பில் வரிசை விட்டு வரிசை சோகையைப் பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் அடங்கும். கரையான் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: காய்ந்த சருகைத் தின்னத்தான் அது வருகிறது. இளங்கன்றின் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கோடையில் கன்றுக்கு ஈரம் காட்டுங்கள். இதற்கு மேல் கரையானோடு சண்டை வேண்டாம்.

அறிகுறி: கம்பி ஒரே ஆழத்தில் நிற்கிறது, செடி வேர் பக்கவாட்டில் திரும்புகிறது

பத்து இடத்தில் அழுத்தி, எல்லாமே ஐந்து ஆறு அங்குலத்தில் நின்றால் அது கலப்பை செய்த கடின அடுக்கு. ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் ஆழத்தில், கரகரவென்று சரளை உரசி நின்றால் அது நம் மண்ணின் பிறவிக் குணம், செம்புறைக் கல். இந்த வித்தியாசம் தெரியாமல் டிராக்டருக்குப் பணம் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் துவரையோ ஆமணக்கோ ஒரு செடியைப் பக்கத்தில் தோண்டி எடுங்கள். ஆணிவேர் நேராக இறங்கி, ஓர் இடத்தில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தால் அடுக்கு இருக்கிறது.

அடுக்கு இருந்தால், ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையை ஒரு முறை ஓட்டலாம். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டும். ஈரத்தில் ஓட்டினால் உடையாது, வழவழவென்று அறுத்துக்கொண்டு போகும். ஓட்டிய அந்தப் பருவத்திலேயே ஆழ வேர்ப் பயிர் விதையுங்கள்: துவரை, ஆமணக்கு, சணப்பு. உளி திறந்த வழியில் வேர் இறங்கி, வேர் செத்த பிறகு அந்தத் துளை நிற்கும். வேர் இறக்காமல் விட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பழையபடி இறுகிவிடும்.

அறிகுறி: மூடாக்குப் போட்ட பிறகு பயிர் மஞ்சளாகிறது

இதில் நானே பட்டிருக்கிறேன். மக்காத தேங்காய் நார்க்கழிவை ஒரு வண்டி வாங்கி, மண்ணோடு சேர்த்து உழுதுவிட்டேன். விற்றவர் அது மக்கியது என்றார், நானும் பிரித்துப் பார்க்கவில்லை. இருபதாம் நாளில் உளுந்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பு முழுவதும் வெளிறிப்போனது.

கரிச்சத்து அதிகமாகவும் தழைச்சத்து குறைவாகவும் உள்ள பொருளை மண்ணில் புதைத்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரி நூறு பங்குக்கு மேல். நன்றாக மக்கிய எருவில் இருபது பங்கை ஒட்டி வரும்.

முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். கீழே இருக்கும் பழைய இலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. மேலே புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை, அதற்கும் மூடாக்குக்கும் தொடர்பில்லை. தழைச்சத்துதானா என்று உறுதி செய்ய, ஒரு பங்கு மாட்டுக் கோமியத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்துச் செடிக்கு மட்டும் வேரில் விடுங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பத்தும் பச்சை கட்டினால் காரணம் தெரிந்துவிட்டது.

முரட்டுப் பொருளை மண்ணுக்கு மேலேயே விடுங்கள், உள்ளே புதைக்காதீர்கள். மேலே கிடந்தால் மண்ணைத் தொடுகிற அடிப்பக்கம் மட்டும் மெல்ல மக்கும், இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. புதைத்தே ஆகவேண்டும் என்றால் தழைச்சத்துள்ள பசுந்தாள் செடியான கொழிஞ்சியோ சணப்போ சேர்த்துப் புதையுங்கள். ஏற்கெனவே புதைத்தாகிவிட்டதா? அந்தப் போகத்துக்குப் பயறு வகை விதையுங்கள், அது தனக்கு வேண்டியதில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். என் கொல்லையில் பக்கத்து வரிசை உளுந்துக்கு ஒன்றும் ஆகாதது அதனால்தான்.

அறிகுறி: மணிலா பிடுங்கினால் பொக்கு, காய்க்குள் பருப்பு இல்லை

இதற்கு மூடாக்கும் ஓய்வும் உதவாது. காய் மண்ணுக்குள்ளிருந்து நேரடியாகச் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுகிறது, செம்மணலில் அது குறைவு. நாற்பது நாற்பத்தைந்தாம் நாள், களை எடுத்து மண் அணைக்கும்போது அந்தச் சத்துள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ போடுங்கள். எதையும் வெளியிலிருந்து போடக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. மண்ணில் இல்லாததை மண்புழு உண்டாக்காது.

அறிகுறி: மேலே வெள்ளை பூத்திருக்கிறது

உவரா, களரா? இதை முடிவு செய்யாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கமும் உப்பங்கழி ஓரத்திலும் பெரும்பாலும் உவர், அதாவது கரையும் உப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல் நீர் ஏறின வயல்களில் வந்த கோளாறும் இதுதான். உப்பு கரைந்து போக நல்ல தண்ணீரும், அந்தத் தண்ணீர் வெளியேற வடிகாலும் வேண்டும். வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையைத் தேக்கி, கடைமடையில் வடித்துவிடுங்கள். வடிகால் இல்லாவிட்டால் உப்பு கீழே போய்விட்டுத் தை மாதம் மறுபடி மேலே ஏறும்.

களர் என்றால் கட்டிச் சோதனையில் தண்ணீர் கலங்கி நிற்கும், நிலத்தில் தேங்கிய தண்ணீர் கருத்துப்போய் இறங்காமல் நிற்கும், கார அமிலத்தன்மை 8.5க்கு மேல் காட்டும். இங்கே தண்ணீர் விட்டு மட்டும் கழுவினால் இன்னும் கெடும். ஜிப்சம் வேண்டும், அளவை மண் பரிசோதனை நிலையம் கணக்கிட்டுத் தரும். ஜிப்சம் தூவி, தண்ணீர் தேக்கி வடித்த பிறகு, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள்.

இரண்டு நோய்க்கும் ஊற்று உங்கள் போர் தண்ணீராகவே இருக்கலாம். மண்ணோடு அந்தத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துப் பாருங்கள். விருத்தாசலத்திலும், புதுச்சேரியில் குரும்பாப்பேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. போய்க் கேளுங்கள்.

அறிகுறி: ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான மந்தைவெளியில் புல் வரவில்லை, ஆவாரையும் எருக்கும் மட்டும் நிற்கிறது

ஆடு மாடு தொடாத செடிகள் மட்டும் மிஞ்சியிருந்தால், தொடும் செடிகளை அவை தின்று தீர்த்துவிட்டன என்று பொருள். ஆனால் உடனே ஆட்டுக்காரர்கள் மேல் பாய வேண்டாம். புல் வராததற்கு மூன்று காரணம் இருக்கலாம்: மேய்ச்சல் அழுத்தம், விதை இல்லாமை, மண் இறுகிப்போனது. பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது.

புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், பத்தடிக்குப் பத்தடி இடத்தை முள் வெட்டி அடையுங்கள். உள்ளே நான்கு பாகம். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் கொழுக்கட்டைப்புல் விதை மட்டும் தூவுங்கள். மூன்றாவதை மண்வெட்டியால் லேசாகக் கீறிவிடுங்கள். நாலாவதைக் கீறி, விதை தூவி, மேலே சருகு போடுங்கள். அறுபது நாள் கழித்துப் பாருங்கள். சும்மா விட்ட பாகத்திலேயே புல் வந்தால் விதையும் மண்ணும் இருக்கிறது, மேய்ச்சல்தான் தடுத்தது. விதை தூவியதில் மட்டும் வந்தால் மண்ணில் விதை தீர்ந்துபோயிருக்கிறது. கீறியதில் மட்டும் வந்தால் ஓடு கட்டிய மண் குற்றவாளி. நாலாவதில் மட்டும் வந்தால் இரண்டு குறையும் சேர்ந்து இருக்கிறது. கொழுக்கட்டைப்புல் விதையில் ஒரு கவனம்: புதிதாக அறுத்த விதை சில மாதம் உறங்கும். போன வருஷத்து விதையாக வாங்குங்கள், இல்லையென்றால் சோதனை பொய் சொல்லும்.

எங்கள் ஊரில் அடைத்த இடத்தில், சும்மா விட்ட பாகத்திலேயே முழங்கால் உயரம் புல் வந்தது. சரி, மேய்ச்சல்தான் காரணம். அப்படியானால் ஆட்டைக் குறைக்கச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, நெடுநாளாக அங்கே மேய்க்கிற ஒரு ஆயாவிடம் பேசினேன்.

“தம்பி, மழ பேஞ்சா எல்லாக் கொல்லையிலயும் பயிரு நிக்குது. நான் ஆட்ட எங்க ஓட்டறது? இந்த மந்தைவெளிய விட்டா எனக்கு எடம் ஏது?” என்றார்.

எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. ஐப்பசி முதல் தை வரை புல் வளர்கிற காலம். அந்த மாதங்களில்தான் ஊரில் உள்ள அத்தனை ஆடு மாடும் இந்த ஒரே இடத்தில் வந்து குவிகிறது. அறுப்பு முடிந்து மாசியில் அவை கொல்லைகளில் அறுத்த தாளை மேயப் போன பிறகு மந்தைவெளி காலியாகக் கிடக்கிறது, ஆனால் அப்போது புல் வளர ஈரம் இல்லை. ஓய்வு கிடைக்கிறது, தப்பான காலத்தில் கிடைக்கிறது.

புல்லின் கணக்கு இப்படி. ஒரு முறை கடித்தால் அடிக்குருத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். அதற்கு வேண்டிய தெம்பை மிச்சம் இருக்கும் இலையிலிருந்தும் அடித்தூரிலிருந்தும் எடுக்கும். துளிர்த்த நாலாம் நாள் அதே தூரை மறுபடி கடித்தால் தெம்பு தீரும், வேர் குறுகும். நாலைந்து முறை இப்படி ஆனால் தூர் செத்துவிடும். ஆடு எத்தனை என்பதைவிட, அதே தூருக்கு எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதுதான் முக்கியம். பத்து ஆடே தினமும் வந்தால் அழித்துவிடும்.

நாங்கள் செய்தது. மந்தைவெளியை மூன்று பங்காக மனதில் பிரித்துக்கொண்டோம். ஒரு பங்கு ஒரு மழைக்காலம் முழுவதும் அடைப்பு, விதை விழுகிற வரை. மற்ற இரண்டில் மாற்றி மாற்றி மேய்ச்சல், ஒன்றில் பாதிப் புல் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு ஓட்டிவிடுவது, ஒரு மாதத்துக்குள் திரும்பாமல் பார்த்துக்கொள்வது. அடுத்த வருஷம் அடைப்பு அடுத்த பங்குக்கு.

ஆனால் அடைத்த பங்கு ஆட்டுக்காரர்களின் இரை. அதற்கு ஈடு கொடுக்காமல் செய்தால் இது அநியாயம், நிலைக்கவும் நிலைக்காது. அதனால் கொல்லை வைத்திருக்கிறவர்கள் மணிலாக் கொடியில் ஒரு பங்கைக் காயவைத்து மழை மாதத்துக்கு எடுத்துவைக்க ஒப்புக்கொண்டார்கள். வேலியில் கிளுவைப் போத்து நட்டு, அகத்தி, சுபாபுல் விதை போட்டோம். மேய்க்கால் புறம்போக்கு என்றால் ஊராட்சியின் ஒப்புதல் வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் வைத்தால் மழைக்கு முன்னால் நேரம் இருக்கும். மேய்க்கிற பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள், எந்தப் பங்கில் என்ன புல் இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அறுப்புக்குப் பிறகு கொல்லையில் கிடை கட்ட, அதாவது இரவில் ஆடுகளை அடைத்துவைக்க, ஆட்டுக்காரர்களைக் கேளுங்கள். ஆட்டு எரு அந்த வருஷமே பேசும், மாட்டு எரு அடுத்த வருஷம் பேசும் என்பார்கள். கிடையை ஓரிரு இரவுக்கு ஒரு முறை நகர்த்த வேண்டும். மழை ஈரத்தில் கிடை கட்டினால் குளம்பு மிதித்து மண் இறுகிவிடும், அந்த நாட்களில் வேண்டாம்.

அறிகுறி: சீமைக்கருவேலத்தை வெட்டினோம், இரண்டு மடங்காக வந்துவிட்டது

தரையோடு வெட்டினால் அடித்தூரிலிருந்து பத்துக் கிளை வரும். தூரைச் சுற்றி ஓர் அடி தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். அப்படியும் புதுக் கன்றுகள் வந்தால், எங்கே வருகிறது என்று பாருங்கள். பட்டியைச் சுற்றியும் ஆடுமாடு நிழலுக்கு ஒதுங்கும் இடத்திலும் என்றால், அவை நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டிருக்கின்றன. நெற்று விழும் மாதங்களில் பொறுக்கி, விதையும் நொறுங்கும்படி இடித்துத் தீவனமாகக் கொடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பொக்லைன் வைத்துப் பிடுங்காதீர்கள். விறகுக்கும் நிழலுக்கும் அதை நம்பியிருக்கிற வீடுகள் உண்டு. பிடுங்கிய இடம் வெறுமையாக நின்றால் அடுத்த மழையில் மேல்மண் போகும். மழைக்கு முன்னால் பிடுங்கி, அதே வாரம் புல் விதையும் வேம்பு, புங்கன் கன்றும் வைக்க முடிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள்.

அறிகுறி: ஓடை வருஷா வருஷம் ஆழமாகிறது

2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் போன கொல்லைகளில் மழை நேராக மண்ணில் விழ ஆரம்பித்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நான் எரு கொட்டிப் பரப்பியிருந்த மேல்மண் முழுவதும் கீழ்க் கொல்லையில் போய்ச் சேர்ந்தது. அந்தச் செந்நீரைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரும்பாலும் எல்லோரும் செய்கிற தவறு, ஓடையின் அகலமான வாயில் பெரிய தடுப்பு கட்டுவது. அங்கே தண்ணீர் வேகமெடுத்து வந்துவிட்டது, ஒரே மழையில் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போகும். ஓடை எங்கே தொடங்குகிறதோ அதற்கும் மேலே போங்கள். தண்ணீர் இன்னும் கொலுசு நனையும் அளவுக்கு இருக்கும் இடத்தில் சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள். அப்புறம் ஓடையின் தலையில் கல்லும் முள்ளும். வாய்ப்பக்கம் கடைசியாக. கல் தடுப்பில் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் நடுவில் வழியும். தடுப்பின் கீழ்ப்பக்கம் கல் பாவுங்கள், விழுகிற தண்ணீர் அங்கே குழி பறிக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல், மழைநீர் பள்ளம் பறித்துக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் வரப்புகளும் தடுப்புகளும் போட்டு விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள், மரங்களும் வைத்தார்கள். முதலில் எதையும் தாங்கி வளரும் வெளியூர் மரங்கள், அவற்றின் நிழலில் பிறகு நம் கரையோரக் காட்டுக்குரிய உள்ளூர் மரங்கள். இன்று அங்கே காட்டுக்குள் நடக்கலாம். பக்கத்திலேயே வரப்பு போடாமல் விட்ட செம்மண் பள்ளங்களும் இருக்கின்றன, இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் மண் பரிசோதனை எண் நகரவில்லை

முதலில் மாதிரி எடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு வருஷம் மேட்டில், மறு வருஷம் பள்ளத்தில் எடுத்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை. அதே மாதத்தில், அதே பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை விலக்கி, ஆங்கில எழுத்து ‘வி’ மாதிரி ஆறு அங்குலக் குழி வெட்டி, ஓரத்துச் சுவரிலிருந்து சுரண்டி எடுங்கள். எருக்குழி, வரப்பு, மரத்தடி வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, பாதி பாதியாகக் கழித்து அரைக் கிலோ ஆக்குங்கள்.

அதற்குப் பிறகும் எண் நகராவிட்டால், கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஆறு அங்குல மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அங்ககக் கரிமம் 0.4 சதவீதத்திலிருந்து 0.5 ஆக வேண்டுமானால் 900 கிலோ கரி மண்ணில் தங்க வேண்டும். நாம் போடும் எருவிலும் சருகிலும் உள்ள கரியில் பெரும்பங்கை நுண்ணுயிர்கள் மூச்சாக விட்டுவிடுகின்றன, நம் வெயிலில் இன்னும் வேகமாக. அதனால் இந்த எண் மெதுவாகத்தான் நகரும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

இடையில் வேறு இரண்டைக் குறித்து வாருங்கள். ஒன்று, டப்பாவில் இரண்டாவது அங்குலம் இறங்கும் நேரம். என் கொல்லையில் எண் நகருவதற்கு வெகு முன்னாலேயே இது மாறியது. இன்னொன்று சாணம். மழை மாதத்தில் மாடு போட்ட சாணத்தில் ஒரு குச்சி நட்டுவையுங்கள். சாண வண்டுகள் இருந்தால் சில நாளிலேயே அது துளைத்துத் துளைத்து, உருட்டிப் புதைத்து, உதிர்ந்த புழுதி மாதிரி ஆகிவிடும். வாரக்கணக்கில் வறட்டியாகக் காய்ந்து கிடந்தால் வண்டு இல்லை. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணத்தில் வண்டின் புழுக்கள் பிழைப்பதில்லை, ஆகவே மருந்து கொடுத்த தேதியையும் அதே நோட்டில் எழுதிவையுங்கள்.